இரட்டைத்தூண் வெள்ளி

அத்தானுக்குப் பழங்காசுப் பைத்தியம் பிடித்தது என்னால்தான். அதை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்து, மனிதர் பொழுது போகாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். சட்டைப்பையில் கிடந்த ஒல்லாந்தர் காலத்துச் செப்புச் சல்லி ஒன்றை எடுத்துக் காட்டினேன். யாரோ தோட்டம் கொத்தும்போது வந்தது. எங்கள் பக்கத்துக் காணிகளில் அது அப்படி வருவது புதினமில்லை. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"மச்சான், உதை நான் வைச்சிருக்கட்டே?" என்றார்.

"வைச்சிருங்கோ அத்தான்" என்று பெரிய வள்ளல் மாதிரிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் பழங்காசு விற்றுச் சோறு தின்றவன். கொக்குவில் ஸ்டேசனுக்குக் கிட்ட ஒரு புத்தகக் கடையின் விறாந்தையில் எனக்கொரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதற்குள் மலாயாவின் வெள்ளி டொலர், இந்தியாவின் ராணித்தலை ரூபாய், இங்கிலாந்தின் வெண்கலப் பென்னி, ஓட்டை போட்ட சீனக் காசு, எனக்கே வாசிக்கத் தெரியாத துருக்கிக் காசு எல்லாம் கிடக்கும். கொழும்பிலிருந்து இரண்டு முதலாளிமார் ரயிலில் வந்து வாங்கிப் போவார்கள்.

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு ஊரில் அலுமாரி திறக்காத வீடில்லை. மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், ஏஜென்சிக்காரனுக்குக் கட்ட வேண்டும். மலாயாவில் உத்தியோகம் பார்த்தவர்கள் தகரப் பேணியில் போட்டு மூடி வைத்ததெல்லாம் வெளியே வந்தது. அதில் பாதி நகைப் பட்டறைக்குப் போய் உருகிக் கொலுசாகியது. மீதியைப் பெண்கள் குத்துவிளக்கு மினுக்குவதுபோலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து, "தம்பி, புதுசு மாதிரி இருக்குது, கூடத் தாரும்" என்பார்கள். பழங்காசு புதுசு மாதிரி இருந்தால் அதை எவன் வாங்குவான்? நூறு வருடக் கறுப்பை ஒரு பிடி புளியில் கழுவிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வரும்.

அத்தான் ஓவசியர். மாதம் முடியச் சம்பளம் வரும். றோட்டு வேலை பார்க்க ஊரூராகப் போகிறவர் என்பதால் எல்லா வீட்டுப் படலையும் அவருக்குத் திறக்கும். என்னிடம் ஒரு நல்ல காசு வந்தால், அதை ஆசைதீரப் பார்ப்பதற்குள் வீட்டில் அரிசி முடிந்துவிடும். பிள்ளைக்குச் சப்பாத்து வேண்டும் என்பாள் மனைவி. காசு கொழும்புக்கு ரயிலேறிவிடும். விற்கிறவனிடம் நல்லது தங்காது. அத்தானிடமோ போனது திரும்பி வராது. ஒன்றைக்கூட அவர் விற்றதில்லை. மேசை லாச்சியில் பஞ்சு விரித்து, வெள்ளியை ஒரு பக்கமும் செம்பையும் வெண்கலத்தையும் மறுபக்கமுமாக அடுக்கி வைத்திருந்தார். என் கையால் கடந்துபோன காசுகளின் அண்ணன் தம்பிமார் எல்லாரும் அந்த லாச்சியில் சொகுசாகப் படுத்திருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்துச் சொல்ல நான் ஒன்றும் முனிவன் இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டில் காசுப் பேணியைக் கவிழ்த்தால், மனம் எதில் விழுந்ததோ அதைத் தொடக்கூடாது. குப்பையைக் கையில் எடுத்து, "இது பரவாயில்லை" என்று புகழ வேண்டும். ஆசைப்பட்டதைப் பார்த்து உதட்டைப் பிதுக்க வேண்டும். முகத்தில் சந்தோசம் தெரிந்தால் விலை ஏறிவிடும். இந்தக் கலையில் என்னை வெல்ல ஆளில்லை என்று எனக்கொரு எண்ணம்.

இணுவிலில் ஒரு விதவைத் தாய் ஆளனுப்பினார். அவருடைய மாமனார் மலாயா ரயில்வேயில் இருந்தவர். பேணியைக் கவிழ்த்தார். வழக்கமான டொலர்களுக்கு நடுவே அது உருண்டு வந்து பாயில் விழுந்தது.

ஸ்பெயின் ராசாவின் பழைய வெள்ளி. மெக்சிக்கோவில் அடித்தது. முடி வைத்த இரண்டு தூண்கள், நடுவே இரண்டு உலக உருண்டைகள், கீழே கடல் அலை. அதன் மேல் அங்குமிங்குமாகச் சின்னச் சின்னக் குத்துகள். வெள்ளி நல்லதா என்று பார்த்துச் சீன வியாபாரிகள் தங்கள் முத்திரையை அடித்த அடையாளம் அவை. மெக்சிக்கோவிலிருந்து கப்பலேறிச் சீனத்துக்குப் போய், பத்துக் கடைக்காரன் கையில் அடி வாங்கி, பினாங்குக்கு வந்து, ஒரு யாழ்ப்பாணத்தானின் மடியில் ஏறி இணுவிலுக்கு வந்திருக்கிறது. ஒருவரும் அதற்குப் புளி போட்டிருக்கவில்லை. அப்படி ஒன்றை நான் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

"உது என்ன தம்பி, நல்ல காசோ?" என்று அந்த அம்மா அதைத்தான் எடுத்து நீட்டினார்.

"உதிலை பெரிசா ஒண்டுமில்லை அம்மா. வெள்ளி நிறைக்குத்தான் போகும்" என்றேன். பாருங்கோ, உடம்பெல்லாம் குத்தி வைத்திருக்கிறார்கள் என்று வேறு குறை சொன்னேன். இரண்டு டொலரை மட்டும் வாங்கிக்கொண்டு, மற்றதற்கு வாற கிழமை வாறன் என்று எழும்பினேன். உடனே வாங்கினால் ஆசை தெரிந்துவிடும் அல்லவா? அதுவும் எங்கள் தொழிலின் பழக்கம்தான்.

அன்று வீட்டுக்கு வந்து சந்தோசம் தாங்காமல் மனைவியிடம் சொன்னேன். மனைவி தன் மச்சாளிடம், அதாவது என் அக்காவிடம், சொன்னாள். அக்கா அத்தானிடம் சொல்லாமல் எங்கே போவாள்?

அடுத்த கிழமை நான் போனபோது அந்த அம்மா முகமெல்லாம் சிரிப்பாகத் தேத்தண்ணி கொண்டுவந்தார். "உம்மடை அத்தான் வந்தவர் தம்பி. நல்ல மனுசன். அந்தத் தூண் போட்ட காசைக் கண்டதும், ஐயோ அம்மா, உப்பிடியொரு காசு எங்கடை பக்கத்திலை ஆரிட்டையும் இல்லை, கவனமா வைச்சிருங்கோ எண்டார். அப்பிடி ஆசைப்படுறவரிட்டையே இருக்கட்டும் எண்டு குடுத்திட்டன். நீர் வேண்டாம் எண்டனீர்தானே."

கைக்கெட்டினது வாய்க்கெட்டவில்லை. அந்தத் தேத்தண்ணியை நான் எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியவில்லை. முகத்தை அசையாமல் வைத்துக்கொள்ளப் பழகியது அன்றைக்குத்தான் உதவியது. ஆனால் சைக்கிளில் கொக்குவிலுக்குத் திரும்பும் வழியெல்லாம் அத்தானை ஏசிக்கொண்டே வந்தேன். அவர் ஒரு தந்திரமும் செய்யவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நல்லதைப் பார்த்து நல்லது என்று சொல்லியிருக்கிறார், காசு அவர் மடியில் வந்து விழுந்திருக்கிறது.

அதோடு விட்டாரா? அக்கா வீட்டுக்கு யார் வந்தாலும் லாச்சி திறக்கப்படும். இரட்டைத்தூண் வெளியே வரும். வந்தவர்கள் "உது எந்த நாட்டுக் காசு?" என்று கேட்பார்கள். அத்தான் சாய்மனைக் கதிரையில் சாய்ந்துகொண்டு, "மச்சான் சொல்லட்டும். உதின்ரை அருமை அவனுக்குத்தான் தெரியும்" என்பார்.

நான் சொல்வேன். சொல்லாமல் இருக்க முடியாது, வியாபாரம் இல்லாத இடத்தில் தெரிந்ததை மறைக்க எனக்குத் தெரியாது. மெக்சிக்கோவில் தொடங்கி, சீனக் கடைக்காரரின் குத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, பினாங்கு வழியாகக் கொண்டுவந்து இணுவிலில் விடுவேன். கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். முடிவில் எல்லாரும் அத்தானைப் பார்த்து, "நீங்கள் குடுத்து வைச்சனீங்கள்" என்பார்கள். சொன்னவனுக்கு ஒரு துண்டு பயத்தம் பணியாரம்.

என் மனைவி சிரித்தாள். "இஞ்சாருங்கோ, அந்தக் காசுக்கே நீங்கள் தாலியைக் கட்டியிருக்கலாம்" என்றாள்.

கேட்டுப் பார்க்கவில்லை என்று இல்லை. பணம் தருகிறேன் என்றேன். என் பெட்டியில் உள்ள வெள்ளி டொலர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "உது விக்கிறதுக்கில்லை மச்சான். வேணுமெண்டால் வந்து பாரன், உன்ரை வீடுதானே" என்றார். பார்க்கத்தான் போனேன். மாதத்தில் இரண்டு மூன்று தரம், அக்காவைப் பார்க்கிற சாட்டில் அந்தக் காசைப் பார்க்கப் போனேன். ஒவ்வொரு தரமும் நோயைக் கூட்டிக்கொண்டு திரும்பினேன். கோயிலில் நின்றாலும் கண் சாமியை விட்டுச் சந்நிதித் தூண் இரண்டையும் தேடும். இதற்கு மேல் என்ன வேண்டும்?

பிறகு சண்டை மூண்டு ரயில் நின்றது. கொழும்பு முதலாளிமாரும் நின்றார்கள். மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் அலைகிற சனம் துருக்கிக் காசை என்ன செய்யும்? கண்ணாடிப் பெட்டியைச் சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உள்ளே இருந்த வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டறைக்கே போனது. வாழ்நாளெல்லாம் எந்த உலையை ஏசினேனோ அந்த உலைக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசியில் பெட்டிக்குள் மனைவி ஊசி நூல் வைத்தாள். அத்தானின் லாச்சி மட்டும் அப்படியே இருந்தது. அந்த நாட்களில்தான் என் பொறாமை உச்சிக்கு ஏறியது.

கனடாவில் இருந்த அக்காவின் மகன் அவளையும் அத்தானையும் அங்கே கூப்பிட்டான். ஊரை விட்டுப் போகிறதற்கு அலைந்து திரிந்து பாஸ் எடுத்தார்கள். சித்திரை வருடப்பிறப்பு முடிய, கிளாலிக் கடலால் வள்ளத்தில் போவதென்று முடிவாயிற்று. எனக்கு நெஞ்சு அடித்தது. அக்கா போகிறாளே என்றுதான் அடித்திருக்க வேண்டும். அந்தக் காசு கனடாவுக்குப் போகிறதே என்று அடித்தது. இரண்டு நூற்றாண்டு உலகம் சுற்றி என் ஊருக்கு வந்தது, என் கண்முன்னே திரும்பவும் கப்பலேறப் போகிறது.

வருடப்பிறப்பன்று, பஞ்சாங்கத்தில் கைவியளத்துக்குப் போட்டிருந்த நேரத்துக்கு, வழக்கம்போல நானும் மனைவியும் பிள்ளைகளும் அக்கா வீட்டுக்குப் போனோம். வயதில் மூத்தவர் வெற்றிலையில் நெல்லும் பூவும் ஒரு காசும் வைத்து இளையவர் கையில் கொடுப்பதுதான் கைவியளம். அந்தக் காசைச் செலவழிக்கக்கூடாது, விற்கக்கூடாது. அது வீட்டில் இருந்தால் கை வறளாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அத்தானிடம் நான் கலியாணம் முடிக்க முதல் இருந்தே கைவியளம் வாங்கி வருகிறேன். எப்போதும் ஒரு ரூபாய்க் குத்திக்காசுதான்.

பிள்ளைகளுக்குக் கொடுத்தார். மனைவிக்குக் கொடுத்தார். நான் கையை நீட்டினேன். வெற்றிலை உள்ளங்கையில் பட்டதும் பாரம் தெரிந்துவிட்டது. ஒரு ரூபாய்க் குத்தி அப்படிக் கனக்காது. நெல்லை விலக்கிப் பார்த்தேன். இரண்டு தூண்களும் தெரிந்தன.

நிமிர்ந்து அத்தானைப் பார்த்தேன். அவர் எனக்குக் கிட்டக் குனிந்து, அடுத்தவருக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"உதிலை பெரிசா ஒண்டுமில்லை மச்சான். வெள்ளி நிறைக்குத்தான் போகும்."

இணுவிலில் நான் சொன்ன அதே சொல். அந்த அம்மா காசைக் கொடுத்த அன்றைக்கே அவருக்குச் சொல்லியிருக்கிறார். இத்தனை வருடமும் என் தந்திரம் முழுவதும் தெரிந்துகொண்டுதான், என்னை மெக்சிக்கோவிலிருந்து பேசவிட்டுக் கதிரையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒருநாளும் ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை. அக்காவுக்குக்கூடத் தெரியாது. "என்ன காசப்பா குடுத்தனீங்கள், அவன்ரை முகம் உப்பிடிப் போகுது?" என்று அவள் குசினி வாசலில் நின்று கேட்டாள்.

"பழங்காசு ஒண்டு" என்றார் அத்தான். பிறகு கையிலிருந்த நெல்லைத் தட்டிவிட்டு, பிள்ளைகளோடு அரியதரம் தின்னப் போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விற்கிறவனுக்கு, விற்கவே முடியாத விதமாக ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். அது அன்பா, கெட்டித்தனமா, நக்கலா என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியாது.

வீடு திரும்பும்போது மனைவி சைக்கிளின் பின்னால் இருந்து கேட்டாள். "இப்பவாவது உங்கடை வயித்தெரிச்சல் தீர்ந்துதோ?"

"ஓம்" என்றேன்.

தீரவில்லை. காசு என் மடியில் இருந்தது. ஆனால் அத்தனை ஆசையாக வைத்திருந்ததை வெற்றிலையில் வைத்துக் கொடுத்துவிட்டு, முகம் மாறாமல் பலகாரம் தின்னப் போன அந்த மனம் அத்தானிடமே இருந்தது. அதை அவர் கனடாவுக்குக் கொண்டுபோகப் போகிறார். அதைப் போல ஒன்று எனக்கு வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன், இரட்டைத்தூணுக்கு ஆசைப்பட்டதைவிட மோசமாக. வழியெல்லாம் வயிறு பற்றி எரிந்தது.