வெறும் வயிறு

ஏரியூர்ப் பக்கத்தில் பூவிழி நுழையாத வீடு இல்லை. சர்க்கரை நோய் ஆய்வு ஒன்றுக்காக இரண்டு வருஷமாக விடிந்தும் விடியாமலும் ஸ்கூட்டியில் போய், விரலில் குத்தி ரத்தம் பார்த்து, டேப்லெட்டில் பதிந்து வந்தவள். தன் வேலையில் ஒருத்தரும் குறை சொல்ல முடியாது என்ற கர்வம் அவளுக்கு உண்டு. கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

இந்த வருஷம் இதையும் இதே மாதிரி நடந்த வேறு இரண்டு ஆய்வுகளின் விவரங்களையும் ஒன்றாகச் சேர்க்க முடிவானது. ஆளுக்கொரு படியில் அளந்த ராகியை ஒன்றாகக் கொட்டினால் கணக்கு என்னத்துக்கு ஆகும்? அதனால் மூன்றுக்கும் பொதுவாக ஒரு வரையறை வைத்தார்கள். வெறும் வயிறு என்றால், எட்டு மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போயிருக்கக் கூடாது. பூவிழி ஜனங்களிடம் கேட்டதோ ஒரே கேள்வி: சாப்டாச்சுங்களா?

இல்லை என்றவர்களை எல்லாம் வெறும் வயிறு என்று மாற்றிவிடும்படி தருமபுரி அலுவலகத்தில் ஒருங்கிணைப்பாளர் நவநீதன் சொன்னார். பூவிழியும் மளமளவென்று மாற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்து மேஜை நிர்மலா சாப்பிட்டாயா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த டீயை ஒரு மடக்குக் குடித்தாள் பூவிழி. குடித்த பிறகுதான் அவளுக்குத் திக்கென்றது.

களியோ சோறோ உள்ளே போகாதவரை இந்த ஊரில் யாரும் சாப்பிட்டதாகச் சொல்வதில்லை. டீயும் பன்னும் கணக்கிலேயே வராது. சர்க்கரை அதிகம் என்று அவள் சொல்லிவிட்டு வந்த செல்லம்மாளுக்கு உடனே போன் போட்டாள்.

"டீ குடிக்காம எப்படிக் கண்ணு மாட்டக் கறக்கறது? அதெல்லாம் சாப்பாட்டுல சேத்தியா?" என்றாள் செல்லம்மாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் இரண்டு வருஷ உழைப்பு வீணாகிவிடும். பூவிழி எழுந்து நவநீதனிடம் போனாள்.

"நான் எடுத்தது எல்லாத்துக்கும் 'தெரியவில்லை'ன்னு போட்டுடுங்க சார்."

"அப்புறம் ரிப்போர்ட்ல ஏரியூரே இருக்காதும்மா."

"இல்லாட்டிப் போவுதுங்க. பொய்யா இருக்க வேணாம்."

அன்றைக்கு பஸ்ஸில் வழிநெடுக அழுதாள். கர்வம் கரைகிறபோது அப்படித்தான் இருக்கும்.

மறு வாரம் முதலில் செல்லம்மாள் வீட்டுக்குத்தான் போனாள். முந்தின நாளே சொல்லிவைத்து, டீகூட இல்லாமல் ரத்தம் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. எதற்கும் ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிவிடுங்கள், தப்பு என்னுடையதுதான் என்றும் சொன்னாள்.

செல்லம்மாள் கோபப்படவில்லை. விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு சொன்னாள்:

"சக்கரைன்னு நீ சொன்னதுக்கப்புறந்தான் எம் பொண்ணு கல்யாணம். பாயசம் ஊத்த வந்தாங்க கண்ணு. சம்பந்தி பாத்துட்டிருக்கறப்பவே எலைய மூடிட்டு எந்திரிச்சிட்டேன். ஏதோ மனஸ்தாபம்னு நெனச்சு இன்னி வரைக்கும் அவங்க எங்க வூட்டுப் பக்கம் வரல."