பசுவுக்கு வேறு கணக்கு

நாகநாதனின் வலது கை தோள்வரை பசுவுக்குள் இருந்தது. "எப்பக்கா கத்துச்சு?" என்று கேட்டார்.

கதவுக்குப் பின்னால் நின்ற நஸீரா, "இன்னைக்குத்தாண்ணே" என்றாள். அவள் கையிலிருந்த போனுக்குள் சவூதியின் தம்மாமிலிருந்து கணவன் ஜாபர் சாதிக் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் அறைவாசிகளின் தலைகள்.

நாகநாதன் திருப்புல்லாணியிலிருந்து சினை ஊசி போட வருகிறவர். இந்த வீட்டுக்கு இது மூன்றாவது நடை. செவலைப் பசுவுக்கு இந்த முறையும் சினை பிடிக்கவில்லையென்றால் வியாபாரி மருதுபாண்டியிடம் பிடித்துக் கொடுத்துவிடுவதென்று மாமியார் மலிகா முடிவு செய்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு நஸீரா தானாக ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியது அந்த மாடு ஒன்றுதான்.

சிக்கல் செவலையின் வாயில் இருந்தது. மற்ற மாடுகள் பருவத்துக்கு வந்தால் தெருவைக் கூட்டும். இது மூச்சு விடாது. நஸீராவுக்குத் தெரிந்த ஒரே அடையாளம் வாலில் ஒட்டும் ரத்தம். இரண்டாவது பிள்ளைக்காக ராமநாதபுரத்து டாக்டரம்மா ஒரு கணக்குச் சொல்லியிருந்தார். ரத்தம் பட்ட நாளிலிருந்து எண்ணி, நடுவில் வருகிற நாள்கள்தான் பலன். பிள்ளை பிறந்தது. நல்ல கணக்கு என்று நஸீரா அதையே மாட்டுக்கும் போட்டாள். நாகநாதன் வந்து, மாடு பருவத்திலேயே இல்லை என்று வண்டியைத் திருப்பினார். அடுத்த முறை ரத்தம் கண்ட அன்றே கூப்பிட்டாள். ஆண்பிள்ளையிடம் ரத்தம் என்று எப்படிச் சொல்வது? கத்தியது என்றாள். அவருக்கு அன்று இன்னும் நாலு வீடு பாக்கி. நம்பி ஊசி போட்டுவிட்டுப் போனார்.

இன்று கையை உருவிக்கொண்டு நின்றார். "உள்ள தொளதொளன்னு கெடக்குக்கா. இது இன்னைக்குக் கத்துன மாடு இல்ல. வேற என்னத்தப் பாத்தீக?"

நஸீரா போனைக் கவிழ்த்துப் பிடித்தாள். சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

நாகநாதன் குழாயடியில் உட்கார்ந்துவிட்டார். "பொம்பளையாளுக்கு அது தொடக்கம். மாட்டுக்குப் பருவம் முடிஞ்ச பெறகு வாரது. நீங்க பஸ்ஸு போன பெறகு பொகையைப் பாத்துக் கைகாட்டுறீக."

கவிழ்ந்த போனுக்குள் தம்மாம் சிரித்தது.

மாட்டின் மேல் குற்றமில்லை என்று மலிகாவிடம் பேசி நாகநாதன் ஒரு தவணை வாங்கிக் கொடுத்தார். பருவம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும், வாலுக்கடியில் கண்ணாடி மாதிரி ஒழுக்குத் தொங்குகிறதா, வேறு மாடு மேலே ஏறினால் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னார். நஸீரா செவலையின் பின்பக்கமாகவே குடியிருந்தாள். தினமும் ஜாபர் கேட்டான். அவன் கேட்காத அன்று அறைவாசிகள் கேட்டார்கள்.

தவணை நாளில் நாத்தனார் சூஃபியாவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். கொல்லையில் பக்கத்து வீட்டுக் கிடேரி செவலையின் மேல் காலைத் தூக்கிப் போட்டது. செவலை தூண் மாதிரி நின்றது. நஸீரா வட்டிலப்பத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். சிக்னல் கூடத்து ஜன்னலோரம்தான் கிடைக்கும்.

"அண்ணே, கண்ணாடி மாதிரி ஒழுகுது. அசையாம நிக்கிறா. ரத்தம் இன்னும் வரல, வெரசா வாங்க."

கூடத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் உம்மா லாமியா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "யாருக்கும்மா?"

முக்காட்டுக்குள்ளிருந்து சூஃபியா சொன்னாள்: "மாட்டுக்கு, மாமி."

லாமியா எழுந்து கொல்லைக்குப் போனார். தானே வாலைத் தூக்கிப் பார்த்தார். பெண்ணைப் பார்த்ததைவிட மாட்டைப் பார்த்த நேரம் அதிகம். சாயங்காலம் நாகநாதன் வந்து ஊசி போட்டார்.

மறுநாள் செவலையின் வாலில் கொஞ்சம் ரத்தம் ஒட்டியிருந்தது. நஸீரா தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். யாருக்கும் போன் போடவில்லை. மருதுபாண்டி வந்தார். மூன்று மாதம் கழித்து, சினை பார்த்த பிறகு வரச் சொன்னார் மலிகா. அவர் டீ குடித்துவிட்டுப் போனார். மதியம் லாமியா வீட்டிலிருந்து போன் வந்தது. முதலில் மாட்டைப் பற்றிக் கேட்டார்கள்.