அம்மாவின் மூங்கில் ஸ்டாண்டு

கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயின் வாசனை எந்த வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தாலும் இன்றும் எனக்குக் கோபம்தான் வருகிறது. எழுபதுகளின் கடைசியில், நான் எட்டாம் வகுப்புப் படித்த வருஷம், சாயங்காலமானால் அந்த எண்ணெயை அம்மாவின் வலது தோளில் தேய்த்துவிடுவது என் வேலை. கழுத்துக்கும் தோள்மூட்டுக்கும் நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு, முதலில் சிவந்து, பிறகு கன்றி, கடைசியில் காய்த்தே போனது. அது கேமரா ஸ்டாண்டைச் சுமந்த இடம்.

திருவண்ணாமலையில் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் ஸ்டுடியோ இருந்தது. அப்பா ஆறடி உயரம். மதராசில் யாரோ விற்ற பழைய ஹாஃப் பிளேட் கேமரா ஒன்றை வாங்கி வைத்திருந்தார். தேக்குப் பெட்டியும் பித்தளை லென்சும் தோல் துருத்தியுமாக, தண்ணீர் நிரம்பிய ஒரு சின்னக் குடத்தின் கனம் இருக்கும். அதைத் தாங்கும் ஸ்டாண்டும் தேக்கு, அவருடைய உயரத்துக்குச் செய்தது. ஏர்க்கலப்பையைப் போல அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் "குரூப்" எடுக்கப் போய்க்கொண்டிருந்தவர், ஒருநாள் கீழ்பென்னாத்தூரில் பஸ்ஸின் கூரைமேல் ஏறி அதை இறக்கும்போது கால் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. படுக்கையிலிருந்து எழுந்த பிறகு கைத்தடி ஊன்றி இருட்டறைக்குள் நடமாடலாம், வெளியூர் போக முடியாது என்றாகிவிட்டது.

அதனால் அம்மா போனாள். அதுவரை இருட்டறையில் படங்களைக் கழுவுவதும், நெகட்டிவின்மேல் பென்சிலால் முகத்துத் தழும்புகளை மறைக்கும் "டச்சிங்" வேலையும் அவளுடையவை. மற்றவர் எடுத்த ஆயிரம் படங்களில் வெளிச்சம் எங்கே கெட்டது, கை எங்கே ஆடியது என்று பார்த்துப் பார்த்துத் திருத்தியவளுக்கு, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தபோது கற்றுக்கொள்ள அதிகம் மிச்சமில்லை. ஊர் அப்படி நினைக்கவில்லை. "பொம்பள போட்டோ புடிக்கறாளாம்" என்று சந்து முனையில் மற்ற ஸ்டுடியோக்காரர்கள் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் பக்கத்து அடி அண்ணாமலைக் கிராமத்தில் நிறைமாதப் பெண்கள், கணவன் எதிரில்கூட நிமிர்ந்து உட்காராதவர்கள், அம்மா எதிரில் தோளைத் தளர்த்தி உட்கார்ந்து பல் தெரியச் சிரித்தார்கள். அந்தப் படங்களை நான் பார்த்திருக்கிறேன். சந்து முனையில் சிரித்தவர்கள் எடுத்த எந்தப் படத்திலும் அப்படி ஒரு சிரிப்பு கிடையாது.

அவளுக்குப் பிரச்சினை கேமரா இல்லை, ஸ்டாண்டுதான். அப்பாவின் மார்பளவுதான் அவள் இருப்பாள். அந்தத் தேக்குக் கால்களை நிறுத்திவிட்டால் உருவம் வந்து விழும் பின்பக்க மங்கல் கண்ணாடியைப் பார்க்க அவள் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். பஸ்ஸில் கண்டக்டர் உள்ளே விடமாட்டார், கூரைமேல் போடச் சொல்வார், கூரைமேல் போடுவதென்றால் அப்பா விழுந்தது நினைவுக்கு வரும். பாதி நாள் நடந்தே போனாள். கனம் ஜாஸ்தி என்று அவள் ஒருமுறை சொன்னதற்கு, அவளுடைய அண்ணன், என் மாமா, சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. "அதான் சொன்னேன், இது ஆம்பள வேல. ஒரு ஆளப் போட்டு எடுக்கச் சொல்லிட்டு நீ ஊட்ல இரு." கனமான பொருளை மாற்றலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, சுமக்கிறவளை மாற்றத்தான் எல்லாருக்கும் தோன்றியது.

அம்மா மாமாவையே துணைக்கு அழைத்துக்கொண்டு, ஆடி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, லேசான ஸ்டாண்டு வாங்க வேலூருக்குப் போனாள். நானும் போனேன். கடைக்காரர் பளபளவென்று ஓர் அலுமினிய ஸ்டாண்டை எடுத்து வைத்தார். ஒன்றுக்குள் ஒன்று போகும் குழாய்க் கால்கள், திருகினால் மேலே எழும்பும் நடுத்தண்டு. அம்மா கேட்டாள், "எங்க கேமரா ஹாஃப் பிளேட்டுங்க. இது எவ்ளோ கனம் தாங்கும்?"

கடைக்காரர் மாமாவைப் பார்த்துப் பதில் சொன்னார். "எல்லாம் தாங்கும் சார். மெட்ராஸ்ல எல்லாம் இதான் போவுது. லேசு சார், லேடீஸே தூக்கலாம்."

அம்மா கால்களை முழுக்க இழுத்து நிறுத்தி, தலைப்பலகையின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அது நடுங்கியது எனக்கே தெரிந்தது. பிறகு பிடித்து லேசாகத் திருகினாள், மூன்று கால்களும் முறுக்கிக்கொண்டன. "இது நிக்காதுங்க. கேமரா முன்பக்கம் கனம். காத்து அடிச்சா கவுத்துடும்" என்றாள். கடைக்காரர் மறுபடியும் மாமாவைத்தான் பார்த்தார். மாமா அவளிடம், "அவரு இருவது வருசமா கட வெச்சிருக்கறாரு. உனுக்கு இன்னா தெரியும், சும்மா இரும்மா" என்றார். ஸ்டாண்டை மாமாவின் கையில் கொடுத்தார்கள். திரும்பும் பஸ்ஸில் அம்மா அதன் கால்களிலிருந்த திருகுப் பூட்டுகளை இறுக்கி இறுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த புதன்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ. பெண்கள் பள்ளி என்பதால் பெரிய டீச்சர் அம்மாவையே வரச் சொல்லியிருந்தார். மைதானத்தில், மலை பின்னால் தெரிய, பெஞ்சுகளை அடுக்கி, உயரவாரியாக எங்களை நிறுத்தியிருந்தார்கள். நான் கடைசி வரிசையில் பெஞ்சுமேல் நின்றேன். ஆடிக் காற்று மலைப்பக்கமிருந்து இறங்கி எங்கள் ரிப்பன்களை அடித்துக்கொண்டிருந்தது. அம்மா துணிக்குள் தலையை விட்டு, வெளியே எடுத்து, ஒரு காலைச் சரிசெய்ய நகர்ந்தாள். அந்த நேரம் கறுப்புத் துணியைக் காற்று பாயைப் போல உப்ப வைத்தது. முன்கால் குழாய், பூட்டு நழுவி, ஒன்றுக்குள் ஒன்றாகச் சரக்கென்று இறங்கியது. அம்மா பாய்ந்து பிடிப்பதற்குள் கேமரா முகம் குப்புறத் தரையில் விழுந்தது.

கண்ணாடி உடைந்தது. லென்சின் பித்தளை விளிம்பு நசுங்கியது. முதல் வரிசையில் ஒருத்தி சிரிக்க, அது எல்லா வரிசைக்கும் பரவியது. ஓரமாக விசிலோடு நின்றிருந்த டிரில் சார், யாரையும் பார்க்காமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இதுக்குத்தான் ஆம்பள வேணும்னு சொல்றது" என்றார். பெரிய டீச்சர் நல்ல மாதிரிதான். அம்மாவைத் தூக்கிவிட்டார், தண்ணீர் கொடுத்தார், பிறகு, "இன்னொரு நாள் வீட்டுக்காரர அனுப்புங்கம்மா" என்றார்.

அலுமினியக் குழாயின் பூட்டு நழுவியதைப் பற்றி அங்கே ஒருவரும் பேசவில்லை. என் ஆத்திரம் அவர்கள்மேல் மட்டும் என்று எழுதினால் அது பொய். அம்மா மண்ணில் மண்டியிட்டுக் கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது நான் பெஞ்சைவிட்டு இறங்கவில்லை. என் பக்கத்தில் நின்றவள், "உங்கம்மா தானே?" என்று கேட்டபோது நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே அம்மா அந்த ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு தனியாக வேலூர் போனாள். கடைக்காரர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லையாம். "நிக்க வெச்சது யாரு, நீங்களா?" என்று கேட்டாராம். ஆமாம் என்றதும், "அப்ப சரி" என்று அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டாராம். வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா அழவில்லை. அப்பாதான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் வந்திருந்தா மாத்திக் குடுத்திருப்பான்" என்றார்.

"அதான் தப்பு" என்றாள் அம்மா. "நீங்க வந்தா மாத்தறதும், நான் வந்தா மாத்தாததும்தான் தப்பு."

அப்பா அன்றிரவே உட்கார்ந்து புதுக் கண்ணாடியை எமரித் தூள் போட்டுத் தேய்த்து மங்கலாக்கத் தொடங்கினார். அவரால் முடிந்தது அது.

வெள்ளிக்கிழமை அம்மா என்னை அழைத்துக்கொண்டு மூங்கில் மண்டிக்குப் போனாள். கடைக்காரர், "பந்தலுக்காம்மா, ஏணிக்கா?" என்று கேட்டார். "ரெண்டும் இல்ல. கனம் கம்மியா, வளையாததா, உள்ள ஓட்ட இல்லாத கெட்டி மூங்கிலு வேணும்" என்றாள். ஒவ்வொரு கழியையும் இரண்டு கல்லின்மேல் பாலம் மாதிரி வைத்து நடுவில் காலால் மிதித்துப் பார்த்தாள். கணு நெருக்கமாக இருந்தவற்றை எடுத்துத் தனியே வைத்தாள். அந்தக் கடைக்காரர் முதலில் வேடிக்கை பார்த்தார், பிறகு தானே உள்ளே போய், ஒரு வருஷம் நிழலில் காய்ந்ததாக ஆறு கழி கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஆடி மாதத்தில் அம்மாவிடம் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, சொன்னதைக் காதில் வாங்கிய ஒரே ஆண்பிள்ளை அவர்தான்.

ஒரு காலுக்கு இரண்டு கழி. கீழே இரண்டும் சேர்ந்து ஓர் இரும்புப் பூணுக்குள் போகும், மேலே விலகித் தலைப்பலகையின் இரு பக்கமும் போல்ட்டில் மாட்டும். அதனால் முறுக்காது. கால்கள் விரியாமலிருக்க மூன்றையும் இணைத்து ஒரு நூல்கயிறு. தலைப்பலகை மட்டும் பழைய தேக்கு ஸ்டாண்டிலிருந்து கழற்றியது. அதன் அடியில் ஒரு கொக்கி வைக்கச் சொன்னாள். பூண் அடித்துக் கொடுத்த சைக்கிள் கடைக்காரர், கொக்கி எதற்கு என்று கேட்டார். "பை மாட்டறதுக்கு. பையில கல்லப் போட்டா அசையாது. கனம் போற எடத்துல கெடைக்கும், அத எதுக்கு இங்கேர்ந்து தூக்கினு போவணும்?" என்றாள் அம்மா. உயரம் அவளுடைய கண்ணளவுக்கு. வீட்டு முற்றத்தில் நிறுத்தி, கேமராவுக்குப் பதில் ஒரு குடம் தண்ணீரைத் தொங்கவிட்டு, என்னை இடிக்கச் சொன்னாள். இடித்தேன். தண்ணீர் தளும்பியது, கால்கள் அசையவில்லை. ஸ்டாண்டை ஒரு கையால் தூக்கி நானே தோளில் வைத்துக்கொள்ள முடிந்தது.

அதற்கும் பேச்சு வந்தது. ஆவணி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை அடி அண்ணாமலையில் ஒரு வளைகாப்பு. ஸ்டாண்டைப் பார்த்ததும் அந்த வீட்டுப் பெரியவர் வாசலிலேயே நிறுத்தினார். "இன்னாம்மா இது, பொணத்துக்குப் பாட கட்ற மூங்கில எடுத்துனு நல்ல காரியத்துக்கு வர்ற?"

அம்மா நிதானமாகச் சொன்னாள். "உங்க ஊட்டுக் கல்யாணத்துக்குப் பந்தக்கால் எதுலங்க நட்டீங்க?"

உள்ளேயிருந்து கர்ப்பிணிப் பெண், "அவங்க வரட்டும்பா" என்றாள். படம் எடுத்தோம்.

திங்கட்கிழமை காலை அம்மா பெரிய டீச்சர் அறைக்குப் போனாள். அதற்குள் டிரில் சார் தனக்குத் தெரிந்த வேறொரு ஸ்டுடியோவுக்குச் சொல்லிவிட்டிருந்தார். "அவர் வர்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு எடுக்கறேங்க. நல்லா இல்லன்னா நீங்களே கிழிச்சுப் போட்டுடுங்க" என்று அம்மா கேட்டாள். பெரிய டீச்சர் ஜன்னல் வழியாகக் காற்றில் ஆடும் வேப்பமரத்தைப் பார்த்தார், சம்மதித்தார்.

அதே மைதானம், அதே பெஞ்சுகள், அதே காற்று. அம்மா ஸ்டாண்டை நிறுத்திக் கொக்கியில் காலிப் பையை மாட்டினாள். பெண்களிடையே மறுபடி சிரிப்புக் கிளம்பியது. நான் பெஞ்சிலிருந்து குதித்து இறங்கினேன். சுற்றுச்சுவர் ஓரம் கிடந்த கற்களைப் பாவாடையில் அள்ளிவந்து பையில் போட ஆரம்பித்தேன். "ஏய், லைன்ல நில்லு" என்று டிரில் சார் விசில் ஊதினார். "இருக்கட்டும் சார், எம் பொண்ணுதான்" என்றாள் அம்மா. என் முகத்தைப் பார்க்கவில்லை, பையின் கனத்தைத்தான் பார்த்தாள். "இன்னும் ரெண்டு" என்றாள்.

படம் வந்தது. அறுபது முகமும், கடைசி வரிசைப் பெண்ணின் மூக்குத்திக் கல்லும் தெளிவாக விழுந்திருந்தன. ஆடியிருந்தவர் ஒருவர்தான். "அசையாதீங்க" என்று அம்மா சொன்ன பிறகும் வரிசை ஓரத்தில் நின்று விசிலைச் சரிசெய்துகொண்டிருந்த டிரில் சாருக்கு முகமே இல்லை, ஒரு வெள்ளைப் புகை மட்டும் இருந்தது. வேறு ஸ்டுடியோக்காரரை வர வேண்டாம் என்று பெரிய டீச்சர் சொல்லியனுப்பினார். அதன்பின் எட்டு வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தின் எல்லா வகுப்புக்கும் அம்மாதான் எடுத்தாள். ஆனால் ஒவ்வொரு படத்தின் அட்டையிலும் அப்பாவின் பெயர் போட்ட ஸ்டுடியோ முத்திரைதான் விழுந்தது. மாற்றச் சொல்லி நான் சண்டை போட்டபோது அம்மா, "கெடக்கட்டும், படம் ஆடாம இருந்தா போதும்" என்றாள். அவளோடு எனக்குத் தீராத சண்டை அது ஒன்றுதான்.

கலர் வந்தது, கைக்கு அடக்கமான கேமராக்கள் வந்தன. தேரடிச் சந்தில் ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது பௌர்ணமிக் கூட்டத்துக்காகக் கட்டிய லாட்ஜ் நிற்கிறது. அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. நாங்கள் நின்ற மைதானத்தில் பாதியைப் புதுக் கட்டடம் விழுங்கிவிட்டது. போன மாதம் ஒரு வேலையாக அந்தப் பள்ளிக்குப் போனபோது, அலுவலக அறைச் சுவரில் எங்கள் வகுப்புப் படம் மட்டும் கண்ணாடி போன, கரையான் அரித்த சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற வருஷத்துப் படங்களைப் பெயின்ட் அடிக்கும்போது குப்பையில் போட்டுவிட்டார்களாம். எடுத்தது என் அம்மா என்று எழுத்தரிடம் சொன்னேன். இளைஞர். குனிந்து அட்டையைப் படித்துவிட்டு, மரியாதையாகவே, "இல்லீங்களே மேடம், இதுல ஆம்பள பேரு இருக்குதே" என்றார்.

படத்தைக் கழற்றித் தரச் சொன்னேன். கழற்றி என் முன்னால் வைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினார். மேசையிலிருந்த பேனாவை எடுத்தேன். "அதுல எழுதக் கூடாதுங்க மேடம், பள்ளிக்கூடத்துச் சொத்து" என்று அவர் எழுந்து வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் அப்பாவின் முத்திரைக்குக் கீழே கொட்டை எழுத்தில் எழுதி முடித்தேன்: எடுத்தவர், தனபாக்கியம்.