அண்ணன் போட்ட முள்வேலி

சார்ஜாவில் எங்களை விட்டுப் பிரிந்த அண்ணனின் முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் தங்கை எழுதுவது.

அண்ணன் பிறந்தது முதுகுளத்தூர்ப் பக்கம், கரிமூட்டப் புகைக்குள். தாத்தா காலத்தில் அங்கே கம்பும் சோளமும் விளைந்ததாம். வெள்ளைக்காரன் ஆட்சியில் கடல் கடந்து வந்த சீமைக்கருவேலம் காடுகரையெல்லாம் பரவி, உழுதவர்களைக் கரி சுடுகிறவர்களாக ஆக்கிவிட்டது. அண்ணனும் சிறுவயதிலேயே அரிவாள் தூக்கினார். அந்தக் காசில்தான் நான் படித்தேன். “நீ டீச்சரு, நான் கரிச்சட்டி” என்று கேலி பேசுவார்.

இரண்டாயிரம் பிறந்த கையோடு சார்ஜா போனார். முவைலா என்ற பகுதிக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் வேலை. அர்பாப், அதாவது முதலாளி, நல்ல மனிதர். ஆடுகள் பாத்தியை மேய்ந்தன. வேலி என்றால் நம் ஊர்க்காரருக்கு வேறென்ன தோன்றும்? சாலையோரம் நின்ற சீமைக்கருவேலத்தின் காய்களைப் பொறுக்கி வந்து தோட்டத்தைச் சுற்றி ஊன்றினார். பச்சை பிடித்ததும் அர்பாப் தோளில் தட்டிக் கொடுத்தாராம். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆடுகள் காயைத் தின்று கண்ட இடத்தில் விதையைப் போட்டன. சில வருடங்களில் கிணறு வற்றியது. அர்பாப்பின் முன்னோர் காலத்துக் காஃப் மரங்கள், நம் ஊர் வன்னி, பட்டுப்போயின. அவற்றின் நிழலில் ஒட்டகங்களோடு வந்து தங்கும் அவருடைய உறவினர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். “பாய், பானி மாஃபி” என்றார் அர்பாப். தண்ணீர் இல்லை என்று மட்டும்தான் சொன்னார். திட்டியிருந்தால்கூட அண்ணன் தாங்கியிருப்பார்.

“ஏத்தா, நம்மூருப் பொழப்பக் கெடுத்த சனியன நானே இங்கிட்டு ஊண்டிப்புட்டேன். அந்த மனுசன் மூஞ்சில முழிக்க முடியல” என்று போனில் அழுதார்.

“விட்டுட்டு ஊருக்கு வந்துருண்ணே.”

“புடுங்காம வரமாட்டேன்த்தா.”

லீவு நாளெல்லாம் வேரோடு தோண்டினார். முள் ஒன்று பாதத்தில் ஏறியது. சர்க்கரை உடம்பு. ஆஸ்பத்திரி என்றாலே அவருக்கு வேப்பங்காய். புண் புரையோடிய பிறகு ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

துக்கத்துக்கு வந்த பெரியப்பா ஒருவர், “வினை விதைச்சவன் வினை அறுப்பான்” என்றார். முதலில் விதைத்தவன் எவனும் முள் குத்திச் சாகவில்லையே, பெரியப்பா!

உடலை ஊர் சேர்த்த ரூம் நண்பர்களுக்கும், அண்ணன் விட்ட மிச்சத்தைத் தம் பிள்ளைகளோடு இன்றும் தோண்டிக்கொண்டிருக்கும் அர்பாப்புக்கும் கைகூப்புகிறோம். சிதைக்கு வேம்போ வாகையோ தேடி ஊர் ஊராக அலைந்த பங்காளிகளுக்கும் நன்றி. எங்கும் கிடைக்கவில்லை. சீமைக்கருவேல விறகை அடுக்கித்தான் அண்ணனை எரித்தோம்.