கோலுக்குப் பின்னால் நிற்பவர்

ஐந்தாம் மாடியிலிருந்து படிகளைத் துடைத்துக்கொண்டு இறங்கும் டெனிஸ்டன் மூன்றாம் மாடித் திருப்பத்தில் வாளியை வைத்துவிட்டு நிமிர்கிறார். இத்தாலியின் பலெர்மோ நகரில், பொலிதேயாமா அரங்கின் பக்கத்துப் பழைய கட்டடம் அது. அந்தத் திருப்பத்தில்தான் தொலைபேசி ஒழுங்காக எடுக்கும். காதில் செருகியிருந்த பேனையை உருவி, ஈரம் படாமல் சட்டைக்குள் வைத்திருந்த கொப்பியைக் கைப்பிடிச் சுவரில் விரிக்கிறார். சனிக்கிழமை காலை பத்து மணி. நாளைய உதைபந்து ஆட்டத்துக்கு அணியைத் தெரிவு செய்கிற நேரம்.

கொப்பியில் எதிரணிகளைப் பற்றி ஒரு வரி கிடையாது. இருப்பதெல்லாம் சிஞ்ஞோராக்கள், இத்தாலிய வீட்டுக்காரம்மாக்கள். அவருடைய பின்வரிசையும் முன்வரிசையும் அவர்கள் வீடுகளில்தான் வேலை செய்கின்றன. 'சுஜனின் சிஞ்ஞோரா: மகன் வந்தால் மதியச் சாப்பாடு நீளும். மூன்றுக்கு முன் விடமாட்டா.' 'அனுசனின் சிஞ்ஞோரா: பூசைக்குப் போய் வந்த பிறகு கேட்டால் நல்ல மனம்.' ஒவ்வொருவராக அழைக்கிறார். உரத்த குரலில், வினைச்சொற்களைக் காலம் இடம் பார்த்து மாற்றாத ஓர் இத்தாலிய மொழி. மூன்று பேர் சம்மதித்தால் மூன்று கோடு.

"மற்றக் கோச்மார் எதிரி எப்பிடி விளையாடுறான் எண்டு படிக்கினம். நான் சிஞ்ஞோராமார் என்ன சமைக்கினம் எண்டு படிக்கிறன்" என்பார்.

வயது நாற்பத்தாறு. மன்னார்க்காரர். இடது கைச் சின்னவிரல் வெளிப்பக்கம் வளைந்து நிற்கும். துடைக்கிற தடியைப் பிடிக்கும்போது அது மட்டும் சேராது. பதினொரு தடவை இலங்கை அணியின் கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றவர். பதினொன்றாவது ஆட்டம் ஒரு வளைகுடா நாட்டில். வாங்கியது ஒன்பது கோல். அந்த ஆட்டத்தை யாரோ இணையத்தில் ஏற்றிவைத்திருக்கிறார்கள். வேறொருவர் என்றால் அதை மறைப்பார். டெனிஸ்டன், அணிக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே தொலைபேசியில் போட்டுக் காட்டுவார்.

"இது என்ரை பிழை. இதுவும் என்ரை பிழை. இது பின்வரிசைக்காரன்ரை. இது ஆற்றை பிழையெண்டு இண்டைக்கும் தெரியாது."

"ஊர் ஒளிக்கிறதை இந்த மனுசன் திருவிழா மாதிரிப் போட்டுக் காட்டுது" என்பார் அவருடைய மனைவி யோசப்பின்.

ஆனால் ஏழாவது கோலுக்குப் பிறகு படத்தை நிறுத்துவார். திரையின் ஓரத்தில், கோட்டருகே வந்து நிற்கும் அன்றைய பயிற்சியாளர் உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு முறை அசைக்கிறார். படு என்று அர்த்தம். கோல்காப்பாளர் விழுந்து கிடந்தால் ஐந்து நிமிடம் ஓடும், எண்ணிக்கை குறையும். திரையிலிருக்கும் மெலிந்த டெனிஸ்டன் அதைப் பார்க்கிறார், பிறகு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிறார். அதன் பின் இன்னும் இரண்டு. அதன் பின் அணியிலிருந்து அழைப்பு வரவேயில்லை.

"படுத்திருந்தா ஏழோடை முடிஞ்சிருக்கும்" என்பார். "படுத்தவன் எண்ட பேரோடை."

பலெர்மோவில் அவர் படி துடைக்கத் தொடங்கிப் பதினேழு வருடமாகிறது. இங்குள்ள தமிழ்ப் பையன்களின் அணியை ஆறு வருடமாக நடத்துகிறார். முதலில் தமிழர் சுற்றுப்போட்டிகள் மட்டும் இருந்தன. இரண்டு வருடத்துக்கு முன் அணி இத்தாலிய லீக்கில் பதிவானபோது பத்தென்தீனோ கேட்டார்கள். பயிற்சியாளருக்கான அட்டை. அது இல்லாதவர் ஆட்டத் தாளில் பயிற்சியாளராகப் பெயர் எழுத முடியாது, வேலிக்குள்ளும் வரக்கூடாது. டெனிஸ்டன் லீக் அலுவலகத்துக்கு அதைக் கேட்கப் போனார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அவருடைய பழைய சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இலங்கையா? அங்கே கிரிக்கெட் அல்லவா?"

"கிரிக்கெட்டும் உண்டு" என்றார் டெனிஸ்டன்.

அட்டைக்கான வகுப்பு எல்லாம் வேலை நாட்களில். ஐந்து மாடி அதுவரை காத்திருக்காது. அதனால் ஆட்டத் தாளில் பயிற்சியாளர் என்ற இடத்தில் சிஞ்ஞோர் கலோஜெரோவின் பெயர் இருக்கிறது. ஓய்வுபெற்ற தபால்காரர், என்றோ எடுத்த அட்டை கையில் உண்டு, நல்ல மனிதர். பெஞ்சில் அமர்ந்து இளஞ்சிவப்பு விளையாட்டுப் பத்திரிகையைக் கடைசி வரி வரை வாசிப்பார். டெனிஸ்டன் கம்பி வேலிக்கு வெளியே, தன் அணியின் கோலுக்கு நேர் பின்னால் நிற்பார். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது அவரும் மைதானத்தைச் சுற்றி நடந்து மற்றக் கோலுக்குப் பின்னால் போய் நிற்பார்.

இத்தாலியில் பயிற்சியாளரை 'மிஸ்டர்' என்று கூப்பிடுவார்கள். பையன்களும் அப்படித்தான். வேலிக்கு வெளியே நிற்பவரை மிஸ்டர் என்றும், பெஞ்சில் இருப்பவரைப் பேப்பர் மிஸ்டர் என்றும்.

மே மாதத்தில்தான் அவருடைய கொப்பி தோற்றுப்போகும். நகரம் முழுக்கத் தேவாலயங்களில் பிள்ளைகளுக்கு முதல் நன்மைச் சடங்கு நடக்கும் மாதம். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாச் சிஞ்ஞோராக்கள் வீட்டிலும் விருந்து, எல்லா விருந்துக்கும் பரிமாறக் கை வேண்டும். போன வருடம் அந்த மாதத்தில் இரண்டு ஆட்டங்களுக்கு அணியால் ஏழு பேரைக்கூடக் காட்ட முடியவில்லை. ஏழுக்குக் குறைந்தால் ஆட்டம் இல்லை. இந்த வருடமும் இரண்டு அப்படியே போனது. இதே வருடம் மூன்றாவது முறையும் ஆட்டம் நடக்காமலோ பாதியில் நின்றோ போனால் அணியின் பெயரை வெட்டிவிடுவோம் என்று லீக்கிலிருந்து கடிதம் வந்தது.

மே மாதக் கடைசி ஞாயிறு எட்டுப் பேர் வந்தார்கள். இடைவேளைக்கு முன் சுஜனுக்குக் கணுக்கால் பிரண்டது. ஏழு. எதிரணி பதினொரு பேர். ஆறாவது கோல் விழுந்தபோது பத்மநாதன் வேலியோரமாக வேர்க்க வேர்க்க வந்தார். தமிழ்ப் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், அணி நிர்வாகத்தின் தலைவர்.

"தம்பி டெனிஸ்டன், காணும். ஒருத்தனைப் படுக்கச் சொல்லு. ஆள் குறைஞ்சா மட்ச் நிக்கும். மரியாதையா வீட்டை போவம்."

"மட்ச் நிண்டா அணியும் நிண்டிடும், அண்ணை."

"அடுத்த வருசம் புதுசாப் பதிவம்."

"அடுத்த வருசமும் மே மாசம் வரும்."

"ஆக்கள் போனிலை வீடியோ எடுக்கிறாங்களடா! நாளைக்குக் கடைக்கு வாறவன் எல்லாம் சாமானை விட்டிட்டு இதைத்தான் கேப்பான்."

"கேட்டா என்ரை வீடியோவைப் போட்டுக் காட்டுங்கோ. அது இதைவிட மோசம்."

ஏழாவது கோலைத் தடுக்கப் பாய்ந்த விதுரன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். மொண்டெல்லோவில் ஓர் உணவகச் சமையலறையில் மீன் துப்புரவு செய்கிறவன், அணியின் கோல்காப்பாளன். வேலிக்கு வந்து கம்பி இடைவெளியில் விரலை நீட்டினான்.

"மிஸ்டர், விரல் முறிஞ்சு போட்டுது போலை. படுக்கவோ?"

டெனிஸ்டன் அந்த விரலைப் பிடித்துப் பார்த்தார். "மடக்கு. இப்ப நீட்டு."

மடங்கியது. நீண்டது.

"முறியேல்லை. நோகுதோ?"

"சரியா நோகுது."

"நோகும். படுக்கிறது உன்ரை விருப்பம். படுத்தா நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஆனா படு எண்டு நான் கை காட்டமாட்டன்."

விதுரன் கையுறையைப் பல்லால் இழுத்து மாட்டிக்கொண்டு திரும்பிப் போனான்.

எட்டாவது கோலில் பந்து கிழிந்த வலையின் ஓட்டையால் வெளியே வந்தது. வேலியின் அடியில் கம்பி விலகியிருந்த இடத்தால் புகுந்து டெனிஸ்டனின் காலடியில் நின்றது. இன்னும் பன்னிரண்டு நிமிடம். எதிரணி கொண்டாடக்கூட இல்லை. விதுரன் முழங்காலில் இருந்தான். மற்ற ஆறு பேரும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வேலி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் அந்த வாசலைத் தாண்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

பந்தை எறிவதுதான் வழக்கம். டெனிஸ்டன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

"உள்ளுக்கை போகாதை! பேர் எழுதினா தடை போடுவாங்கள்" என்று பத்மநாதன் கத்தினார்.

"தடை போடுறதுக்கு முதல் பேர் வேணும், அண்ணை."

உள்ளே நுழைந்தவர் விதுரனைக் கடக்கும்போது மட்டும் நின்றார்.

"எட்டுத்தானே? என்ரை சாதனை இன்னும் நிக்குது. எழும்பு."

விதுரன் மண் அப்பிய முகத்தோடு சிரித்துவிட்டான். டெனிஸ்டன் ஓடத் தொடங்கினார். முழங்கால் மடங்காத, பக்கவாட்டில் ஆடுகிற ஓட்டம். பந்தயத்தில் ஒரே ஒரு கோலால் பின்தங்கியிருக்கும் அணிக்காரனின் அவசரம். பெல்லெக்ரீனோ மலையின் நிழல் பாதி மைதானத்தை மூடியிருந்தது. அதைத் தாண்டி வெயிலுக்குள் போய், நடுப்புள்ளியில் பந்தை வைத்து, உருளாமல் உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தினார். ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தங்கள் இடங்களுக்கு நகர்ந்தார்கள். விதுரன் எழுந்து கோட்டில் நின்றான்.

நடுவர் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தாள். இருபது வயதிருக்கும், தலைமுடியை இறுக்கிக் கட்டிய பெண். சிவப்பு அட்டையை உயர்த்திப் பிடித்தபடி மற்றக் கையால் ஆட்டத் தாளை விரித்தாள்.

"நீங்கள் யார்?"

அவர் முழுப்பெயரைச் சொன்னார். தாளில் மேலிருந்து கீழே தேடினாள். பெஞ்சில் கலோஜெரோ பத்திரிகையைத் தாழ்த்தி மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"இதில் அப்படி ஒரு பெயர் இல்லையே."

பிறகு அவள் அந்த ஏழு பேரையும் பார்த்தாள். அட்டை மெல்லக் கீழே இறங்கிப் பைக்குள் போனது. குரலைத் தணித்துக்கொண்டாள்.

"பரவாயில்லை. நீங்கள் வெளியே போய்விடுங்கள். நான் எதுவும் எழுதவில்லை."

"எழுதுங்கள்" என்றார் டெனிஸ்டன். "பெயர் சொன்னேன். வேலை, மிஸ்டர்."

அவள் தாளை மடிக்கப் போனாள். அவர் காதிலிருந்த பேனையை உருவி, மூடியைக் கழற்றி, வளைந்த சின்னவிரல் தனியே நிற்க, அவளிடம் நீட்டினார்.