படியடியில் ஒரு ஜோடி

மலேசியாவில் தங்காக் பக்கத்து மரவீட்டை அரசாங்கம் இப்போது பாதுகாக்கிறது. என் தலைமுடிக்கு அந்த யோகம் இல்லை. படியடியில் பலகை: ‘காலணியைக் கழற்றிவிட்டு ஏறவும்.’ என் கால் நின்றுவிட்டது.

ஜப்பான்காரன் காலத்தில் முதலாளி சிங்கப்பூருக்கு ஓடிவிட, காவலுக்கு நாங்கள் அங்கே குடியிருந்தோம். ஓர் ஆணிகூட இல்லாமல் மரமுளையால் பூட்டிய தூண்களும் உத்தரங்களும். கூரைக்கடியில் உத்தரத்தின்மேல் ஓர் ஆள் படுக்கலாம்.

ஒரு மதியம், போனவர் திரும்பாத சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆள் பிடிக்க லாரி வந்தது. அப்பா ஓடிவந்து உத்தரத்தில் ஏறிப் படுத்தார். வீடு ஒரு முனகல்கூட முனகவில்லை. ஜப்பானியச் சிப்பாயோடு பேரெழுத வந்த தமிழ்க் கிராணி படியடியில் குனிந்தான்.

“புருஷன் வீட்ல இல்லேங்கிறே. அப்போ இந்தச் செருப்பு யாருதும்மா?”

அந்த ஓட்டத்திலும் அப்பா செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து வைத்துவிட்டே ஏறியிருக்கிறார். செருப்போடு வீட்டுக்குள் நுழைய எங்கள் பரம்பரைக்குத் தெரியாது.

சிப்பாய் அம்மாவை அறைந்ததும் அப்பா தானாகவே இறங்கினார். வெறுங்காலோடு லாரியில் ஏற்றினார்கள்.

இன்று நான் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். காவலாளிப் பையன் சிரித்தான்.

“அங்கிள், கீழயே விடுங்க லா. யாரும் எடுக்க மாட்டாங்க.”

உண்மைதான். அப்பாவின் செருப்பையும் யாரும் எடுக்கவில்லை. போர் முடிந்த பிறகும் அம்மா அதைச் சுற்றித்தான் பெருக்கினாள்.