யார் அடித்த பெல்?

இதைக் கட்டுக்கதை என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்குக் கவலையில்லை. ஒரே ஒரு தடவை, காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கிற நாளில், எண்ணூர் முகத்துவாரத்துப் பாலத்தில் தனியாக சைக்கிள் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் பேசுவோம்.

என் பெயர் வெற்றி. வியாசர்பாடிக்காரன். துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் வேலை. எங்கள் வீட்டுச் சுவரில் புத்தர் படம் ஒன்றுதான் உண்டு. பேய், பிசாசு, மந்திரித்த கயிறு என்று யாராவது வாயைத் திறந்தால் அப்பா வாசலைக் காட்டிவிடுவார். அப்படி வளர்ந்தவன் நான். அதனால்தான் அன்று வெகுநேரம் எனக்குப் பயமே வரவில்லை. முன்பே பயந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

போன நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை. ராயபுரத்தில் எங்கள் சைக்கிள் கிளப் வருஷத்துக்கு ஒரு தடவை 'மழை ரைடு' போகும். கடலில் தாழ்வு மண்டலம் என்று ரேடியோ சொன்னால் ஊரே ஜன்னலைச் சாத்தும். இவர்கள் சைக்கிளுக்குக் காற்றடிப்பார்கள். ராயபுரம் ஸ்டேஷனில் கிளம்பி, எண்ணூர், மீஞ்சூர் வழியாகப் பழவேற்காடு. அங்கே மீன் சாப்பாடு. மறுபடி அதே வழியில் ராயபுரம். நான் கிளப்பில் சேர்ந்து நான்கே மாதம். எனக்கு அது முதல் மழை ரைடு.

என்னைச் சேர்த்துவிட்டவன் ஜெஸ்வின். ராயபுரத்தில் ஹார்டுவேர் கடைக் குடும்பம். அவன் சைக்கிளை ஒரு கையால் தூக்கிவிடலாம். என்னுடையது செகண்ட் ஹேண்ட். ஆனாலும் கல்லூரியில் மூன்று வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

"மாமு, நீ வந்தா தான் ரைடே," என்று ஒரு வாரமாகப் போன் போட்டு அரித்தான். "நீ இல்லாட்டி நானும் போவல." எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. யாருக்குத்தான் குளிராது?

என்னோடு சேர்த்து ஏழு பேர். கிளப்பில் ஒரு பழக்கம் உண்டு. மழையில் கண்ணைத் திறக்கவே முடியாது, திரும்பிப் பார்த்தால் சறுக்கும். அதனால் கண்ணுக்குப் பதில் காதுதான். கடைசியில் வருபவர் ஒவ்வொரு வளைவும் தாண்டியதும் இரண்டு தடவை பெல் அடிப்பார். அதைக் கேட்டதும் அவருக்கு முன்னால் போகிறவர் இரண்டு அடிப்பார். அப்படியே ஒவ்வொருவராக, முதல் ஆள் வரைக்கும் பெல் போகும். பெல் வந்தால் எல்லாரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். வராவிட்டால் மொத்தக் கூட்டமும் நின்றுவிட வேண்டும். ஒருவரையும் வழியில் விடக்கூடாது. கிளப்பில் இருப்பது அந்த ஒரே சட்டம்தான்.

போகும்போது எதிர்க்காற்று. ரெஜி அண்ணன் கடைசியில் வந்தார். எங்களில் மூத்தவர், ஐம்பதைத் தொடப் போகிறவர். பழவேற்காட்டில் சாப்பிட்டுக் கிளம்பும்போது மணி ஐந்தேகால். வானம் கறுத்திருந்தது. வழி தெரிந்தவர் முன்னால் போகட்டும் என்று ரெஜி அண்ணனை முதல் இடத்துக்கு அனுப்பினான் ஜெஸ்வின். அவன் ஆறாவது. அவனுக்குப் பின்னால் நான்.

"அப்ப நான் கடைசியா?" என்றேன்.

"உன்ன போய் கடைசில வுடுவேனா?" மற்றவர்கள் கொஞ்சம் முன்னால் போகும்வரை காத்திருந்தான். பிறகு குரலைத் தணித்துச் சொன்னான். "தேசப்பன் அண்ணன்னு ஒருத்தர் மீஞ்சூராண்ட சேந்துக்குவாரு. உனுக்குப் பின்னால அவரு தான். அதிகம் பேச மாட்டாரு. நீ திரும்பிப் பாக்காத. பெல் வந்தா நீயும் அடி. அவ்ளோ தான்."

சரி என்றேன். நண்பன் சொன்னால் கேள்வி கேட்கிற வழக்கம் எனக்கில்லை.

மீஞ்சூர் தாண்டும்போது நன்றாக இருட்டிவிட்டது. மழை ஊசியாகக் குத்தியது. கடல் பக்கத்துக் காற்று இடது விலாவில் அடித்துச் சைக்கிளை நடு ரோட்டுக்குத் தள்ளியது. எதிரே வரிசையாக ட்ரெய்லர் லாரிகள். கடைத்தெருவில் எங்களுக்காக யாரும் காத்திருந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் அடுத்த வளைவு தாண்டியதும் பின்னாலிருந்து பெல் வந்தது.

ட்ரிங்… ட்ரிங்…

எங்களுடையதெல்லாம் கட்டைவிரல் அளவு பெல். 'டிங்' என்று ஒலிக்கும். இது அப்படியில்லை. தபால்காரர் சைக்கிளில் இருக்குமே, அந்தப் பெரிய பெல். கூடவே 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம். டைனமோ. மஞ்சள் வெளிச்சம் ஒன்று என் முன்சக்கரத்தைத் தாண்டி ஈர ரோட்டில் ஆடிக்கொண்டே வந்தது.

எனக்கு நிம்மதியாக இருந்தது. உண்மையாகவே. அந்த இருட்டில் எனக்குப் பின்னால் ஒரு ஆள். நானும் இரண்டு பெல் அடித்தேன். முன்னால் ஜெஸ்வின் அடித்தான்.

எண்ணூர்ப் பாலத்தின் நடுவில் என் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது.

பஞ்சர்.

"ஜெஸ்வின்!" என்று கத்தினேன். காற்று சத்தத்தை வாயிலேயே அடைத்தது. முன்னால் அவனுடைய சிவப்பு விளக்கு தெரிந்தது. அது வேகம் குறைந்தது. ஒரு கணம் நின்றது. அவன் தலை திரும்பியது. பார்த்தான். நிச்சயமாகப் பார்த்தான்.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது.

டிங்… டிங்…

ஜெஸ்வினின் பெல்.

எனக்குப் புரியவில்லை. நான் அடிக்கவே இல்லையே. பிறகு எதற்கு அவன் அடிக்கிறான்?

சிவப்பு விளக்கு நகர்ந்தது. சிறுத்தது. மறைந்தது.

போன் போட்டேன். மணி 7.05. அடித்தது, அடித்தது… கட் செய்துவிட்டான். மறுபடி போட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

கீழே கழிமுகத்துத் தண்ணீர் தூண்களில் மோதியது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் நாற்றம். பாலத்தின் விளக்குகள் ஒன்றுகூட எரியவில்லை. ஆனாலும் எனக்குப் பஞ்சர் பார்க்க வெளிச்சம் இருந்தது. மஞ்சள் வெளிச்சம். பத்தடி பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார்.

டியூபை மாற்றத் தொடங்கினேன். விரல்கள் விறைத்திருந்தன. பாதி வேலையில்தான் அது உறைத்தது.

எங்கள் அப்பாவின் பழைய சைக்கிளிலும் டைனமோ இருந்தது. சக்கரம் சுற்றினால்தான் விளக்கு எரியும். சைக்கிள் நின்றால் அணைந்துவிடும்.

இவர் நின்றுகொண்டிருக்கிறார்.

விளக்கு எரிகிறது.

கிர்ர்ர்… சத்தமும் நிற்கவில்லை.

நான் நிமிரவில்லை. ஜெஸ்வின் சொன்னானே, திரும்பிப் பார்க்காதே என்று. கண்ணை டியூபிலேயே வைத்திருந்தேன்.

"அவங்கோ நின்னாங்களா?"

வயதான குரல். பத்தடி தூரத்திலிருந்து வரவில்லை. என் தோளுக்கு மேலிருந்து வந்தது.

"இல்லண்ணா," என்றேன்.

மழை. கிர்ர்ர்…

"எனுக்கும் நிக்கல."

அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை உடைத்துவிட்டது. அழுகை முட்டியது. ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவன் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். இந்த மனுஷனும் யாராலோ அப்படி விடப்பட்டவர். பயம் ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம். காற்றடித்து முடித்தேன். சைக்கிளை நிமிர்த்தினேன். என் வாய் தானாகச் சொன்னது.

"அண்ணா, நீங்க முன்னால போங்க. நான் கடைசியா வரேன்."

கிர்ர்ர் நின்றது.

முதல் தடவையாக.

"நெஜமாவா?"

"போங்கண்ணா."

அவர் என்னைத் தாண்டினார். தலையில் கோணிச் சாக்கைக் கவிழ்த்திருந்தார். முகம் தெரியவில்லை. சைக்கிள் போனது. ஆனால் சக்கரம்…

சக்கரம் சுற்றவில்லை.

பாலத்தின் முனையில் வெளிச்சம் அணைந்தது.

எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. திருவொற்றியூர் மார்க்கெட் பக்கத்தில் நாங்கள் வழக்கமாக நிற்கும் டீக்கடைக்கு வந்து சேரும்போது மணி எட்டு. லாரி நெரிசலில் மாட்டி எல்லாரும் அப்போதுதான் வந்து தகர ஷீட்டுக்குக் கீழே நின்றிருந்தார்கள். கடைக்காரர் கம்பி ஸ்டாண்டில் டீயை நீட்டினார். ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். ஸ்டாண்ட் காலியானது. என் கையில் கிளாஸ் இல்லை.

"இன்னாடா, ஆறு தான் சொன்னியா?" ரெஜி அண்ணன் ஜெஸ்வினைக் கேட்டார். "ஏழு பேரு கீறோமே!"

ஜெஸ்வின் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் வருவேன் என்று அவன் நினைக்கவில்லை. அதற்கு மேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

"பாலத்துல பஞ்சர்," என்றேன். "ஒருத்தரும் நிக்கல."

"அய்ய, பெல்லு வந்துச்சேப்பா!" ரெஜி அண்ணன் பதறினார். "நீ வந்துகினு கீறேன்னு தான நாங்க போய்கினே இருந்தோம்?"

"நான் அடிக்கல."

எல்லாரும் ஜெஸ்வினைப் பார்த்தார்கள். எனக்கு நேர் முன்னால் வந்தவன் அவன்தான்.

"நல்ல வேள, தேசப்பன் அண்ணன் கூட இருந்தாரு," என்றேன்.

ரெஜி அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"யாரு?"

"எனக்குப் பின்னால வந்தாரே. ஜெஸ்வின் தான் சொன்னான்."

"அவரு செத்து மூணு வருசம் ஆவுது, வெற்றி. மழை ரைடுல தான். அதே பாலம். பஞ்சராயி நின்னுகினு இருந்தவர லாரி அடிச்சிட்டுப் பூடுச்சு." ரெஜி அண்ணன் மெதுவாக ஜெஸ்வின் பக்கம் திரும்பினார். "அன்னிக்கும் பெல்லு வந்துச்சு. அவருக்கு முன்னால நீ தான இருந்தே?"

ஜெஸ்வின் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டான்.

"மழ தாங்கலண்ணா… அவரே சரி பண்ணிகினு வந்துருவாருன்னு நெனச்சேன். ரெண்டு பெல்லு… அவ்ளோ தான் பண்ணேன்." பிறகு என் காலைப் பிடித்தான். "அதுக்கப்பறம் ரெண்டு மழைக்கும் அவரு என் பின்னாடியே வந்தாரு மாமு. நடுவுல ஒரு ஆள் இருந்தா போதும்னு…"

"அந்த ஆள் நானா?"

"நீ தான் இதெல்லாம் நம்ப மாட்டியே."

நான் காலை உதறிக்கொண்டேன். எங்கள் அப்பா எனக்குக் கொடுத்தது ஒரே ஒரு சொத்து, தைரியம். அதைப் பார்த்துத்தான் என்னைப் பொறுக்கியிருக்கிறான். என்னைக் கூப்பிட்டது தோஸ்து என்பதற்காக இல்லை. முதுகுக்கு ஒரு மறைப்பு வேண்டும் என்பதற்காக. பேய்கூட என்னிடம் பொய் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் முகத்தில் நான் விழிக்கவில்லை.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், தேசப்பன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். திருவொற்றியூரில் கடலோரக் குப்பம். தன் வீட்டுக்காரர் தானாகப் பின்தங்கி அடிபட்டார் என்றுதான் அண்ணனின் மனைவி பூவம்மா அக்கா அதுவரை நம்பியிருந்தார். ஜெஸ்வின் செய்ததை அவரிடம் யாராவது சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சொன்னேன். பொய்ப் பெல்லைச் சொன்னேன். அண்ணன் எனக்கு வெளிச்சம் காட்டியதைச் சொன்னேன். அவர் அழவில்லை. என்னையே பார்த்தார்.

"டைனமோ லைட்டா?" என்றார்.

மூலையில் அண்ணனுடைய சைக்கிள் சாய்ந்திருந்தது. நசுங்கிய பின்சக்கரம். ஹேண்டிலில் சின்னப் பெல். முன்னால் கறுப்புப் பேட்டரி விளக்கு.

"எங்க வூட்டுக்காரரு வண்டில டைனமோவே கெடையாதுப்பா. கோணியும் போட மாட்டாரு. செவப்பு ரெயின்கோட்டு. அதோட தான் தூக்கியாந்தாங்கோ."

யோசித்துப் பார்த்தேன். தேசப்பன் என்ற பெயரைச் சொன்னது ஜெஸ்வின்தான். அந்தக் குரல் தன் பெயரைச் சொல்லவே இல்லை.

"நீ சொல்ற ஆளு யாருன்னு எனுக்குத் தெரியாது," என்றார் பூவம்மா அக்கா. "ஆனா எங்க வூட்டுக்காரரு அந்தாள பாத்துகீறாரு. சாவுறதுக்கு முந்தின வருசம், மழைல ஓட்டிகினு வந்து ஒக்காந்து சொன்னாரு. 'பெரியவர் ஒருத்தர் கோணி போட்டுகினு என் பின்னாடியே வந்தாரு பூவு. அவருக்கு எவனுமே நிக்கலையாம். பாவமா இருந்துச்சு. நீங்க முன்னால போங்கன்னு வுட்டேன்'னாரு."

வெளியே அலைச் சத்தம். தகரக் கூரையில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

"அதுக்கு அடுத்த மழைக்குத் தான்…"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ அந்தாள முன்னால வுடலியேப்பா?"

"இல்லக்கா," என்றேன்.